கடிகாரத்துக்கு முன்னே ஓடும் கணக்கு

1989 ஜூலை 23, டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் கடைசி நாள். வெர்சாயிலிருந்து பாரிஸின் ஷான்செலிசே வீதி வரை 24.5 கிலோமீட்டர் தூரத்தை வீரர்கள் ஒவ்வொருவராகத் தனியே ஓட்டிக் கடக்க வேண்டும். மூன்று வாரங்களில் மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டி முடித்திருந்த நிலையில், பிரான்ஸின் லோரான் ஃபின்யோன் அமெரிக்காவின் கிரெக் லெமாண்டைவிட 50 விநாடி முன்னால் இருந்தார். மொத்த நேரத்தில் முதலிடம் பெறுபவர் அணியும் மஞ்சள் ஜெர்சி ஃபின்யோனுக்குத்தான் என்று பிரெஞ்சு ரசிகர்கள் ஏறக்குறைய முடிவே கட்டிவிட்டார்கள்.

அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இருந்தது. அதே பந்தயத்தின் முதல் வாரத்தில் தினார் ஊரிலிருந்து ரென் நகர் வரை 73 கிலோமீட்டர் தனி ஓட்டம் ஒன்று நடந்தது. அதில் ஃபின்யோனைவிட லெமாண்ட் 56 விநாடி வேகமாக வந்தார். கிலோமீட்டருக்கு முக்கால் விநாடி என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு ஆல்ப்ஸ் மலையில் 39 கிலோமீட்டர். அங்கே 47 விநாடி, அதாவது கிலோமீட்டருக்கு 1.2 விநாடி. இந்த விகிதங்களை 24.5 கிலோமீட்டருக்குப் பொருத்திப் பார்த்தால், லெமாண்டால் 19 முதல் 30 விநாடி வரை பிடிக்க முடியும். வெல்வதற்கோ 50க்கு மேல் வேண்டும்.

லெமாண்ட் 26 நிமிடம் 57 விநாடியில் எல்லைக் கோட்டைத் தொட்டார். ஃபின்யோனுக்கு 27 நிமிடம் 55 விநாடி ஆனது. மொத்தப் பந்தயத்தையும் 8 விநாடியில் லெமாண்ட் வென்றார். டூர் டி பிரான்ஸ் வரலாற்றில் அதைவிடக் குறைந்த வித்தியாசத்தில் யாரும் வென்றதில்லை.

டைம் ட்ரையல் எனப்படும் இந்தத் தனி ஓட்டத்தில் வீரர்கள் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என இடைவெளி விட்டு ஒருவர்பின் ஒருவராகப் புறப்படுவார்கள். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னே ஒண்டிக்கொண்டு காற்றிலிருந்து தப்பிக்க முடியாது. சாதாரணக் கட்டங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கூட்டமாக ஓட்டும்போது தந்திரம், கூட்டணி, கடைசி நூறு மீட்டர் பாய்ச்சல் என்று எது வேண்டுமானாலும் முடிவைத் திருப்பிவிடும். தனி ஓட்டத்தில் அதற்கெல்லாம் இடமில்லை. ஒரு மனிதர், ஒரு சைக்கிள், ஒரு சாலை, மீதியெல்லாம் காற்று. அதனால்தான் சைக்கிள் பந்தய வகைகளிலேயே கணிக்க மிகவும் ஏற்றது இதுதான்.

ஓடும் பேருந்தின் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்தவர்களுக்குக் காற்றின் குணம் தெரியும். வேகம் கொஞ்சம் கூடினாலும் அது தள்ளும் விசை வெகுவாகக் கூடிவிடும். சமதளத்தில் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் வீரரின் உழைப்பில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு காற்றைக் கிழிக்கவே போய்விடுகிறது. டயர் உராய்வுக்கும் சங்கிலி இழப்புக்கும் போவது மிச்சம். காற்றை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. நல்ல குனிந்த நிலையில் ஓட்டும் ஒரு வீரருக்கு 50 கி.மீ. வேகத்துக்கு 360 வாட் போதும் என்றால், 55 கி.மீ. வேகத்துக்கு 470 வாட்டுக்கு மேல் வேண்டியிருக்கும். வேகம் பத்து விழுக்காடு கூட, உழைப்பு முப்பது விழுக்காட்டுக்கும் மேல் கூட வேண்டும்.

ஆகவே கணிப்பவர் முதலில் கேட்க வேண்டியது, இவருடைய கால்களில் எத்தனை வாட் இருக்கிறது, இவர் உடல் காற்றுக்கு எவ்வளவு பரப்பைக் காட்டுகிறது என்ற இரண்டையும்தான். இரண்டாவது கேள்வியின் கனத்தைப் பலர் உணர்வதில்லை. அதே 360 வாட்டில் ஓட்டும் வீரர், தோளைக் குறுக்கி, தலையைத் தாழ்த்தி, ஹெல்மெட்டை மாற்றிக் காற்றெதிர்ப்பைப் பத்து விழுக்காடு குறைத்தால், 40 கிலோமீட்டரில் ஒன்றரை நிமிடம் மிச்சமாகும். கடும் பயிற்சி செய்து அதே லாபத்தை வாட் கணக்கில் சேர்க்க வருடங்கள் ஆகும். அணிகள் காற்றுச் சுரங்கங்களில் பணத்தைக் கொட்டுவது இதற்காகத்தான்.

காற்றின் அடர்த்தியும் சும்மா இருப்பதில்லை. 20 டிகிரி வெப்பத்தில் இருக்கும் காற்றைவிட 35 டிகிரியில் இருக்கும் காற்று சுமார் ஐந்து விழுக்காடு லேசானது. 40 கி.மீ. ஓட்டத்தில் இது மட்டுமே முக்கால் நிமிடத்துக்கு அருகில் வரும். உயரமான ஊர்களில் காற்று இன்னும் மெலிந்திருக்கும். பெல்ஜியத்தின் விக்டர் காம்பெனார்ட்ஸ் 2019இல் ஒரு மணிநேரச் சாதனைக்காக (ஒரு மணிநேரத்தில் அதிகபட்சத் தூரம் ஓட்டும் சாதனை) மெக்சிகோவின் அகுவாஸ்காலியன்டஸ் வரை போனது இந்த மெல்லிய காற்றைத் தேடித்தான், அங்கே 55.089 கி.மீ. ஓட்டினார்.

ஜிம் மார்ட்டினும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் 1998இல் இந்த விசைகளையெல்லாம் சேர்த்து ஒரு சமன்பாட்டை வெளியிட்டார்கள். சைக்கிளின் கிராங்கில் பொருத்திய திறன் அளவியோடு ஒப்பிட்டபோது அது வியக்கத்தக்க அளவு பொருந்தியது. இன்று அணிகள் பயன்படுத்தும் கணிப்பு மென்பொருள்களின் அடித்தளத்தில் இதே இயற்பியல்தான் இருக்கிறது. சாலையின் ஏற்ற இறக்கம், திருப்பங்கள், காற்றின் திசை எல்லாவற்றையும் உள்ளே கொடுத்தால், எந்த இடத்தில் எத்தனை வாட் தர வேண்டும் என்று அவை சொல்லும். ஏற்றத்திலும் எதிர்க்காற்றிலும் சற்றுக் கூடுதலாக உழைக்க வேண்டும், இறக்கத்தில் மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே பொதுவான விதி. மெதுவாகப் போகும் இடத்தில் செலவிடும் ஒவ்வொரு வாட்டும் அதிக விநாடிகளைத் திருப்பித் தருகிறது.

இந்தக் கணக்கு அதன் முழு அழகோடு நிற்கும் இடம் உள்ளரங்கம். காற்று வீசாது, ஏற்றமில்லை, வெப்பநிலை கையில் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் கிரென்கென் உள்ளரங்கில் 2022 ஆகஸ்டில் 55.548 கி.மீ. ஓட்டி ஒரு மணிநேரச் சாதனை படைத்த டான் பிகம், தொழிலால் காற்றியக்கப் பொறியாளர். அவர் வேலை பார்த்த அணியின் வீரர் ஃபிலிப்போ கன்னா அதே அரங்கில் அக்டோபரில் 56.792 கி.மீ. ஓட்டி அதை முறியடித்தார். கணக்குப் போடத் தெரிந்தவரே சைக்கிளில் ஏறி ஓட்டிக் காட்டியது இந்த விளையாட்டின் பெருமைக்குரிய பக்கம்.

சாலைக்கு வந்ததும் கதை மாறுகிறது.

2022 டூர் டி பிரான்ஸ் கோபன்ஹேகனில் 13.2 கி.மீ. தனி ஓட்டத்தோடு தொடங்கியது. பின்னேரம் மழை வரும் என்று எண்ணிப் பல அணிகள் தங்கள் முன்னணி வீரர்களை முதலிலேயே அனுப்பின. மழை அவர்கள்மீதே கொட்டியது. ஈரச் சாலையில் கன்னா, வௌட் வான் ஆர்ட், தடே போகச்சார் மூவரும் கவனமாகத் திருப்பங்களைக் கடந்தார்கள். பிறகு காயத் தொடங்கிய சாலையில் வந்த பெல்ஜிய வீரர் ஈவ் லாம்பார்ட், வான் ஆர்ட்டை 5 விநாடியில் முந்தி மஞ்சள் ஜெர்சியை அணிந்தார். கணிப்புப் பட்டியல்களின் உச்சியில் அவர் பெயர் இருந்ததில்லை. தனி ஓட்டத்தில் எல்லாரும் ஒரே சாலையில் ஓட்டுகிறார்கள், ஆனால் ஒரே வானிலையில் ஓட்டுவதில்லை. புறப்படும் நேரம் தெரியாமல் சொல்லும் கணிப்பு பாதிக் கணிப்புதான்.

வானிலையைவிடப் பிடிபடாதது உடம்பு. மூன்றாவது வாரத்துக் களைப்பை எந்தக் காற்றுச் சுரங்கமும் அளக்காது. 2020 டூர் டி பிரான்ஸில், செப்டம்பர் 19 அன்று லூர் ஊரிலிருந்து பிளான்ஷ் தே பெல் ஃபீய் மலை உச்சி வரை 36.2 கி.மீ. ஓட்டம். ஸ்லோவேனியாவின் ப்ரிமோஷ் ரோக்லிச் மொத்த நேரத்தில் தன் நாட்டுக்காரரான போகச்சாரைவிட 57 விநாடி முன்னால் இருந்தார். வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர், தனி ஓட்டத்தில் பேர்பெற்றவர், வலுவான அணியின் தலைவர். பெரும்பாலோர் அவரையே சொன்னார்கள். போகச்சார் ரோக்லிச்சைவிட 1 நிமிடம் 56 விநாடி வேகமாக ஏறி முடித்தார். 22 வயது நிறைய இரண்டு நாள் இருந்தபோது பந்தயம் அவர் கைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூனில், மலையேற்றத்தில் முடிந்த ஸ்லோவேனிய தேசியத் தனி ஓட்டத்திலும் அவர் ரோக்லிச்சைச் சில விநாடிகளில் வென்றிருந்தார். பெயரையும் புகழையும் பார்த்தவர்கள் அந்தச் சிறிய தடயத்துக்கு உரிய மதிப்பைத் தரவில்லை.

1989க்குத் திரும்பினால் இதே பாடம் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. முழங்கைகளை ஊன்றிக் கைகளை முன்னே நீட்டிப் பிடிக்கும் புதுவகை ஹேண்டில்பாரே லெமாண்டை வெல்ல வைத்தது என்று பலரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் முழு உண்மை அல்ல. தினார் ஓட்டத்திலும் அவர் அதையே பிடித்திருந்தார். அதன் லாபம் அந்த 56 விநாடிக்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டது. விகிதக் கணக்குக்குத் தெரியாமல் போனது, கடைசி நாட்களில் ஃபின்யோனுக்கு ஏற்பட்ட இருக்கைப் புண். உட்காரவே வலித்த நிலையில் அவர் அந்த 24.5 கி.மீ. தூரத்தையும் ஓட்டினார். லெமாண்டோ இடையில் நேர விவரம் எதையும் சொல்ல வேண்டாம் என்று தன் அணியிடம் கூறிவிட்டு, மணிக்கு 54.5 கி.மீ. சராசரி வேகத்தில் பறந்தார். தோற்ற ஃபின்யோனும் அன்றைய ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. இன்றுவரை அவரைத் தோல்வியின் அடையாளமாக மட்டும் பேசுவது அநியாயம்.

இப்படிப்பட்ட நாட்களைப் பார்த்துவிட்டுக் கணிப்பே வீண் என்று சொல்வது சரியல்ல. தவறு ஒற்றை எண்ணைச் சொல்வதில் இருக்கிறது. நேர்மையான கணிப்பாளர் ஒரு நேரத்தைச் சொல்லாமல், இத்தனை விநாடியிலிருந்து இத்தனை விநாடி வரை என்று ஓர் அகலத்தைச் சொல்வார். பந்தயத்தின் முதல் நாளில் அந்த அகலம் குறுகலாக இருக்கலாம். மூன்றாவது வாரத்தில், மலையில், மழை மேகத்துக்குக் கீழே அது விரிந்தே ஆக வேண்டும்.

அடுத்த முறை தனி ஓட்டம் ஒன்றைத் தொலைக்காட்சியில் பார்க்க வாய்த்தால், நீங்களே கணித்துப் பாருங்கள். பழைய ஓட்டங்களில் இருவருக்கும் இருந்த வித்தியாசத்தைக் கிலோமீட்டருக்கு இத்தனை விநாடி என்று மாற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். பாதை சமதளமா மலையா, இருவரும் எந்த நேரத்தில் புறப்படுகிறார்கள், காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள். பிறகு முதல் இடைநிலைப் புள்ளியில் வரும் நேரத்தை உங்கள் எண்ணோடு ஒப்பிட்டு, கணிப்பைத் தயங்காமல் திருத்துங்கள். 2020இல் போகச்சார் மலையடிவாரத்தைத் தொடும்போதே அரை நிமிடத்துக்கு மேல் பிடித்துவிட்டார். செங்குத்தான ஏற்றம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.