குடலிறக்க அறுவையில் கொசுவலைத் துணி

குடலிறக்க அறுவையில் கொசுவலைத் துணி என்பது, விலையுயர்ந்த மருத்துவ வலைக்கு மாற்றாக, தொற்று நீக்கப்பட்ட கொசுவலைத் துணியைப் பயன்படுத்தும் முறையாகும். இந்திய ஊரக மருத்துவர்களின் பட்டறிவு ஆய்விதழ் வழியே பிற நாடுகளை எட்டியமைக்கு இது சிறந்த எடுத்துக்காட்டு.

செயற்படும் விதம்

வயிற்றுச் சுவரின் வலுவற்ற இடத்தினூடாகக் குடல் அல்லது கொழுப்பு பிதுங்குவது குடலிறக்கம் (ஹெர்னியா) எனப்படும். அவ்விடத்துத் தசையை இழுத்துத் தைத்தால், இறுக்கத்தினால் தையல் விட்டு நோய் திரும்பக்கூடும். வலையொன்றைப் பொருத்தினால் அதன் கண்களினூடே திசு வளர்ந்து சுவர் வலுப்பெறும். ஆனால் ஊரக நோயாளிகள் பலருக்கு அவ்வலையின் விலை எட்டாததாக இருந்தது.

வரலாறு

மகாராட்டிர மாநிலம் தொண்டாயிச்சாவில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ரவீந்திரநாத் தோங்காவ்கர், கொசுவலையும் மருத்துவ வலையை ஒத்த பலபடி இழையால் ஆனதே என்பதைப் பயன்படுத்திக்கொண்டார். பல மருத்துவமனைகளில் கிடைத்த முடிவுகளைத் தொகுத்து, அவரும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் இந்திய அறுவை மருத்துவ ஆய்விதழில் வெளியிட்டனர். அவ்வாறு எழுதி வைக்காதிருந்தால், இஃது ஓர் ஊரின் சிக்கன உத்தியாகவே நின்றிருக்கும்.

உகாண்டா ஆய்வு

கிழக்கு உகாண்டாவில் 302 ஆண்களிடம் நடந்த சமவாய்ப்புச் சோதனையின் முடிவுகள் 2016இல் வெளியாயின. ஓராண்டின் பின் நோய் திரும்பியது மலிவு வலைப் பிரிவில் 0.7%, வணிக வலைப் பிரிவில் எவருக்கும் இல்லை. இந்த 0.7% என்பது உண்மையில் ஒரே ஒருவர்தான். சிக்கல்களின் அளவும் இரு பிரிவுகளிலும் ஏறத்தாழ ஒன்றே. எனினும் ஓராண்டு குறுகிய காலமே.

பூச்சிக்கொல்லி தோய்த்த வலைகள் இதற்கு உதவா. மிகை வெப்பத்தில் பாலிஎத்திலீன் இழை உருகுமாதலால், உகாண்டாவில் 121 பாகை செல்சியசில் நீராவியால் தொற்று நீக்கினர்.