கணக்கையும் ஓதிப் பாடமாக்கலாமா?

உறவினர் இல்லம் ஒன்றில் பத்தாம் வகுப்புப் பயிலும் பிள்ளை, பிதாகரஸ் தேற்றத்தை ஓரெழுத்தும் பிசகாமல் ஒப்பித்தாள். முக்கோணத்தின் பெயரை ஏ, பி, சி என்பதிலிருந்து பி, க்யூ, ஆர் என மாற்றிச் சற்றே திருப்பி வரைந்து கொடுத்தேன். "இது எங்கள் புத்தகத்தில் இல்லையே, மாமா" என்றாள். கண்கள் கலங்கிவிட்டன.

அவள் சோம்பேறி அல்லள். 83 வசனங்கள் கொண்ட யாஸீன் சூராவைச் சிறு வயதிலேயே பாடமாக்கியவள். அவ்வழியையே கணக்கிற்கும் கையாண்டாள். வேறு வழியை யாரும் காட்டவில்லை. அரசுத் தேர்வோ நெருங்கிக்கொண்டிருந்தது.

குர்ஆனைப் பாடமாக்குவதில் உஸ்தாத் ஓத, பிள்ளை செவியுற்றுத் திரும்ப ஓதுகிறது. அங்கே ஓர் எழுத்தும் மாறலாகாது. கணிதமோ எண்ணையும் உருவையும் மாற்றி மாற்றிப் பார்த்தே தெளிய வேண்டியது. விஞ்ஞானத்திற்குக் கண்ணும் கையும் வேண்டும். வரலாற்றுக்கு "ஏன்?" என்னும் வினா வேண்டும், ஆண்டுகளை மட்டும் அடுக்குவது வரலாறாகாது. இவை அனைத்தையும் ஒரே கரும்பலகையில் எழுதிப்போட்டு, ஒரே குரலில் ஒப்பிக்கச் செய்கிறோம். பெற்றோராகிய நாமும், "படித்தாயா?" என்று கேட்கிறோமேயன்றி, "எப்படிப் படித்தாய்?" என்று கேட்பதில்லை.

துனிஸில் 1332இல் பிறந்த இப்னு கல்தூன், 1377இல் எழுதிய 'முகத்திமா'வில், பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறைகளை நாடு வாரியாக ஒப்பிட்டிருக்கிறார். மக்ரிபில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் மட்டுமே. அந்தலுஸிலோ அத்துடன் கவிதையும் இலக்கணமும் கையெழுத்தும் சேர்ந்தன. கிழக்கு நாடுகளிலோ கையெழுத்தை மற்றப் பாடங்களோடு கலவாமல், ஏனைய கைத்தொழில்களைப்போல் அதற்கென்றே உள்ள ஆசிரியரிடம் பயின்றனர் என்கிறார். கைக்குரியதைக் கைக்கே பழக்கினர் போலும்! கணக்கை இளமையில் பழகுவோரிடம் உண்மை பேசும் இயல்பு ஓங்கும் எனக் கூறப்படுவதையும் அவர் எடுத்துரைக்கிறார். தன் விடையைத் தானே சரிபார்த்துப் பழகியவர் அல்லவா? ஒப்பித்துப் பழகியவருக்கு அது எங்ஙனம் வாய்க்கும்?

அன்று மாலை அப்பிள்ளையை முற்றத்திற்கு அழைத்துச் சென்றேன். வீடு கட்டும் கொத்தனார் மூலை பார்க்கும் முறைதான்: ஒரு சுவரோரம் 3 அடி, மறு சுவரோரம் 4 அடி அளந்து குறியிட்டோம். குறுக்கே கயிறு பிடித்து அளந்தாள். 5 அடிக்கு இரண்டு விரற்கடை கூடுதலாக இருந்தது. மீண்டும் அளந்தாள், அப்படியே இருந்தது.

"மாமா, நம் வீட்டு மூலைதான் கோணல்!" என்றாள்.