ஊர் வீட்டுக் கிணற்றுக்கு நாமே மோட்டார் பொருத்தலாம்

அணுசக்தி நகரில் குடியிருக்கும் நமக்குக் கிணறு என்பது ஏறக்குறைய மறந்துபோன பொருள். தான்சா, வைதர்ணா, பாட்சா ஏரிகளின் தண்ணீர் தானாக வந்து நம் சமையலறைக் குழாயில் கொட்டிவிடுகிறது. ஆனால் பணி ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டுமே! அந்த நாள் நெருங்க நெருங்க, ஊரில் பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டின் நினைவு வந்துவிடுகிறது. அங்கே முதல் கேள்வியே தண்ணீர்தான்.

சென்ற கோடை விடுமுறையில் தென்காசிக்கு அருகே உள்ள எங்கள் வீட்டுக் கிணற்றில் மோட்டார் பொருத்தினோம். மின் இணைப்பு ஒன்றைத் தவிர மற்ற வேலைகளை நானும் என் மைத்துனரும் சேர்ந்தே செய்தோம். மொத்த வேலைக்கும் ஒருவர் கேட்ட தொகையில் பாதிகூடச் செலவாகவில்லை. சங்க அன்பர்கள் சிலர் விவரம் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

கடைக்குப் போகும் முன் ஒரு கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் விட்டு, தரையிலிருந்து தண்ணீர் எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். இதைச் சித்திரை, வைகாசியில் அளப்பதே சரி. ஐப்பசி மழையில் நிரம்பி நிற்கும் கிணற்றை அளந்தால் கணக்கு ஏமாற்றிவிடும்.

இந்த ஓர் அளவுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. மேலே வைத்த பம்பு தண்ணீரை இழுப்பதாக நாம் சொல்கிறோம். உண்மையில் அது குழாயிலுள்ள காற்றை வெளியேற்றுகிறது. வெளிக்காற்றின் அழுத்தம்தான் கிணற்றுத் தண்ணீரைக் குழாய்க்குள் மேலே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் அந்த அழுத்தம் தாங்கக்கூடியது சுமார் 34 அடி உயரத் தண்ணீரை மட்டுமே. குறிப்பிட்ட ஆழத்துக்கு மேல் பம்பு தண்ணீர் ஏற்ற மறுப்பதைக் கலிலியோ 1638-இல் வெளிவந்த தம் நூலில் குறிப்பிட்டிருக்கிறார். சில ஆண்டுகளில் அதற்குக் காரணம் சொன்னவர் டோரிசெல்லி. நடைமுறையில் 20 அடி, மிஞ்சினால் 25 அடி. அதற்கு மேல் எத்தனை குதிரைசக்தி மோட்டார் வைத்தாலும் பயனில்லை. தண்ணீருக்குள் இருந்துகொண்டு கீழிருந்து தள்ளும் சப்மெர்சிபிள் பம்புதான் வேண்டும். எங்கள் கிணற்றில் கோடையிலும் 19 அடியில் தண்ணீர் இருந்ததால் தரைமேல் வைக்கும் மோனோபிளாக் போதுமானதாயிற்று.

கடைக்கார அண்ணாச்சி, "ஒரு ஹெச்.பி.யா எடுத்துக்கிடுங்க சார், பின்னால கவலையில்ல" என்றார். நான் கணக்குப் போட்டேன். கிணற்றுக்குள் 19 அடி, மாடித் தொட்டிக்கு 26 அடி, குழாயின் உராய்வுக்காகப் பத்து அடி. ஆக 55 அடி, அதாவது சுமார் 17 மீட்டர். பம்பின் தகட்டில் 'ஹெட்' என்று போட்டிருப்பது இதைத்தான். அரை ஹெச்.பி. பம்பிலேயே இந்த உயரத்துக்கு ஏற்றது கிடைத்தது. ஆயிரம் லிட்டரை 17 மீட்டர் உயர்த்தத் தேவையான மின்சக்தி 0.05 யூனிட்கூட இல்லை. சிறிய பம்பு மூன்றில் இரண்டு பங்கு மின்சாரத்தை வீணடித்தாலும், ஒரு யூனிட்டில் ஏழில் ஒரு பங்குக்குள் தொட்டி நிரம்பிவிடும்.

கவனமெல்லாம் உறிஞ்சு குழாயில் இருக்கட்டும். பம்பின் வாயை விடக் குறுகிய குழாய் கூடாது. வளைவுகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. கிணற்றிலிருந்து பம்பு வரை குழாய் சீராக ஏறிக்கொண்டே வர வேண்டும்; நடுவே மேடு விழுந்தால் அங்கே காற்று தங்கும். ஃபுட் வால்வு சேற்றில் புதையாமல் அடியிலிருந்து இரண்டடி உயரத்தில், எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கி இருக்க வேண்டும். பி.வி.சி. குழாயின் முனையை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, இரு பக்கமும் சொல்யூஷன் தடவி, லேசாகத் திருகிச் செருகி அரை நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் காயவிட்ட பிறகே மோட்டாரை ஓட்டுங்கள்.

மேலே ஏறும் குழாயில் ஓட்டை இருந்தால் தண்ணீர் சொட்டிக் காட்டிக்கொடுக்கும். உறிஞ்சு குழாயிலோ சொட்டாது. காற்றை உள்ளே இழுக்கும். மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. பக்கத்துத் தெருவில் இதே கோளாறுக்கு ஒரு மெக்கானிக் புது மோட்டாரே வாங்க வைத்துவிட்டார்! பம்பில் தண்ணீர் ஊற்றி நிரப்பி இரவு முழுதும் விட்டுப் பாருங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் ஃபுட் வால்வையோ இணைப்பையோ பார்த்தால் போதும்.

இரண்டு இடங்களில் சிக்கனம் வேண்டாம். மின் வேலையை உரிமம் பெற்றவரிடமே விடுங்கள். சரியான எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரும் கட்டாயம் வேண்டும். ஈரக் கையோடு தொடும் கருவி இது. அடுத்து, நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றில் நீங்களும் இறங்காதீர்கள், கூலிக்கு ஆளையும் இறக்காதீர்கள். பிராணவாயு குறைந்து, நச்சுக்காற்று தங்கியிருக்கலாம். மயங்கியவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து இறந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். ஆனால் எல்லா நச்சுக்காற்றும் விளக்கை அணைத்துவிடாது. நாங்கள் குழாயை மேலேயே இணைத்து, ஃபுட் வால்வோடு நைலான் கயிற்றில் கட்டி இறக்கினோம்.

பொருத்தி முடித்த அன்று மாலையே கிணற்றுக்கு மருந்து போட்டோம். 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது கணக்கு. 2 மீட்டர் அகலத்தில் 3 மீட்டர் தண்ணீர் நிற்கும் வட்டக் கிணற்றில் சுமார் 9,400 லிட்டர் இருக்கும்; அதற்கு 24 கிராம். பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே நிற்கும் தெளிவை மட்டும் கிணற்றில் ஊற்றிக் கலக்கி, ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீர் எடுக்கலாம்.