கலியாண வீட்டுக் கமரா

எங்கள் வீட்டில் உம்மாவின் கலியாண அல்பம் இல்லை. 1997ஆம் ஆண்டு சாய்ந்தமருதில் நடந்த அந்தக் கலியாணத்துக்கு ஒரு கமராக்காரர் வந்து இரண்டு ரோல் பிலிம் எடுத்தாராம். ஒரு ரோலுக்கு 36 என்றால் மொத்தம் 72 படங்கள். அல்பமும் செய்து கொடுத்திருக்கிறார். 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையில் கடல் வந்து வீட்டோடு அதையும் கொண்டு போய்விட்டது. நெகட்டிவ் இருந்த ஸ்டூடியோவும் அதே கரையோரத்தில்தான் இருந்தது. கண்டியில் வாழ்க்கைப்பட்ட சாச்சியிடம் மட்டும் ஒரு படம் மிஞ்சியது. பதினான்கு பேர் நிற்கும் குழுப்படம். அதில் உம்மா ஒரு மாமியின் தோளுக்குப் பின்னால் நிற்கிறார். ஒரு கண்ணும் நெற்றிச்சுட்டியும்தான் தெரிகின்றன.

சென்ற வருடம் ராத்தாவுக்குக் கலியாணம் முற்றானதும் உம்மா முதலில் கேட்டது சாப்பாட்டைப் பற்றியோ மண்டபத்தைப் பற்றியோ அல்ல. "நல்ல கமராக்காரர் ஒருத்தரப் பாக்கணும்" என்றார். வாப்பா உடனே மறுத்துவிட்டார். "கமராவே வேணாம்."

வாப்பாவுக்கும் காரணம் இருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன்னர் எங்கள் சொந்தத்தில் ஒரு கலியாணம். பெண்கள் பகுதியில் படம் எடுக்கப் பெண்ணைத்தான் அனுப்பினார்கள். ஆனால் பத்தாம் நாள், முக்காடில்லாத மணப்பெண்ணின் படம் அந்த ஸ்டூடியோவின் முகநூல் பக்கத்தில் விளம்பரமாக வந்துவிட்டது. சொல்லி அகற்றுவதற்கு நான்கு நாட்கள் பிடித்தன. அதற்குள் அது எத்தனை பேரின் போனுக்குள் போய்விட்டதோ, அல்லாஹ்தான் அறிவான். அந்த மச்சி இன்றைக்கும் ஒரு விசேஷ வீட்டில் கமராவைக் கண்டால் அடுப்படிக்குள் போய்விடுவார்.

ஆக, உம்மாவின் பயம் படம் தொலைந்து போவதில். வாப்பாவின் பயம் படம் பரவிப் போவதில். இரண்டும் வீண் பயமல்ல. உயர்தரப் பரீட்சை முடிந்து வீட்டில் சும்மா இருந்த என்னிடம் இந்த வழக்கு வந்து சேர்ந்தது. இரண்டு பேருக்கும் பொருந்துகிற ஒருவரைத் தேடித் தருவதாகப் பொறுப்பெடுத்தேன். மூன்று மாதம் அலைந்ததில் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். நாளைக்கு உங்கள் வீட்டிலும் ஒரு ராத்தாவுக்கோ தங்கைக்கோ, ஏன் உங்களுக்கே கூட, இது தேவைப்படலாம்.

முதலில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். தேநீர் தந்தார்கள். "எங்கட வேலையப் பாருங்க" என்று ஒரு டெப்பைக் கையில் தந்தார்கள். ஒன்றன் பின் ஒன்றாக மணப்பெண்கள். சிரிக்கிறவர்கள், மருதாணிக் கையால் முகத்தை மூடுகிறவர்கள், தலைமுடி விரித்து உட்கார்ந்திருப்பவர்கள். படங்கள் உண்மையிலேயே அழகு. ஏழாவது படத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார், எங்கள் பாடசாலையில் எனக்கு மூன்று வகுப்பு மூத்தவர். இந்தப் படம் இங்கே காட்டப்படுவது அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். "வெளியில போடல்ல தங்கச்சி, வாற ஆக்களுக்கு மட்டுந்தான் காட்டுற" என்றார்கள். ராத்தா என்னைப் பார்த்தார். நாங்கள் தேநீரைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிட்டோம். அவருடைய படத்தை எங்களுக்குக் காட்டியவர்கள் எங்களுடைய படத்தை அடுத்து வருபவர்களுக்குக் காட்டமாட்டார்களா?

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. படங்களைப் பாதுகாக்கிற படப்பிடிப்பாளர் காட்டுவதற்கு அதிகம் வைத்திருக்கமாட்டார். அப்படியென்றால் அவருடைய திறமையை எப்படி அறிவது? நாங்கள் கடைசியில் தெரிவு செய்த சகோதரி முகம் தெரியாத படங்களைத்தான் காட்டினார். மருதாணிக் கைகள், பின்னாலிருந்து எடுத்த முக்காடு, கதவருகே கழற்றி வைத்த செருப்புக் குவியல். ஒரேயொரு முழு அல்பம் மட்டும் வைத்திருந்தார். அந்த மணப்பெண் "பெண்களுக்கு, கையில் மட்டும் காட்டலாம்" என்று எழுதிக் கொடுத்திருந்தாராம். ஒரு கலியாணத்தின் அல்பத்தை ஆரம்பம் முதல் கடைசி வரை புரட்டிப் பார்ப்பது, இருபது கலியாணங்களின் மிகச் சிறந்த இருபது படங்களைப் பார்ப்பதைவிட எவ்வளவோ மேல். மாலையில் வெளிச்சம் குறைந்த பிறகு எடுத்த படங்கள் எப்படி இருக்கின்றன, குழுப்படங்களில் ஓரத்தில் நிற்பவர்கள் தெளிவாக இருக்கிறார்களா, வயதானவர்களையும் எடுத்திருக்கிறாரா, மணப்பெண்ணை மட்டும்தானா என்பதெல்லாம் அதில்தான் வெளிப்படும். அதோடு, முற்பணம் கொடுக்க முன்னர் ஒரு மாலை எங்கள் வீட்டுக்கு வந்து என்னையும் ராத்தாவையும் அரை மணித்தியாலம் எடுத்துப் பார்க்கவும் அவர் சம்மதித்தார். கேட்டால் பலர் சம்மதிப்பார்கள். நாம்தான் கேட்பதில்லை.

பெண் படப்பிடிப்பாளர் என்றதும் எல்லாம் சரி என்று நினைத்திருந்தேன். எங்கள் மச்சியின் விஷயத்திலும் எடுத்தது பெண்தானே? பிழை அதன் பின்னர் நடந்தது. எடுத்த படங்கள் ஸ்டூடியோவில் இன்னொருவரின் கணினிக்குப் போகின்றன. அங்கே நிறம் திருத்தப்படுகிறது, அல்பப் பக்கம் வடிவமைக்கப்படுகிறது, பிறகு அச்சுக்குப் போகிறது. ஒரு படம் எத்தனை கைகளைக் கடக்கிறது என்பதைக் கேட்டறிய வேண்டும். எங்கள் சகோதரி படங்களைத் தானே திருத்துவதாகச் சொன்னார். அச்சுக்கூடத்தில் ஆண்கள் வேலை செய்வதை மறைக்காமல் சொன்னார். ஆகவே முக்காடோடு எடுத்த படங்களை மட்டும் அல்பத்தில் அச்சிடுவது, மற்றவற்றைக் கோப்புகளாக மட்டும் வாங்கிக்கொள்வது என்று முடிவெடுத்தோம்.

இன்னொரு விஷயம் எனக்கே புதிதாக இருந்தது. கமராவின் மெமரி கார்டில் ஒரு படத்தை அழித்தால் அது உண்மையில் அழிவதில்லை. அந்த இடம் காலியானது என்று கமரா குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அதன் மேல் புதிய படம் பதியும் வரை, இலவசமாகக் கிடைக்கிற மென்பொருளைக் கொண்டே பழையதை மீட்டெடுக்க முடியும். தவறுதலாக அழிந்த படங்களைத் திரும்பப் பெறுவதற்கு இது உதவும். அதே காரணத்தால், "அழிச்சிட்டம்" என்ற ஒரு சொல்லை நம்பி இருக்கவும் முடியாது. எங்கள் சகோதரியின் கமராவில் இரண்டு கார்டுகள் போடலாம். ஒவ்வொரு படமும் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியும். ஒன்று பழுதானாலும் மற்றது கைகொடுக்கும். இதைக் கேட்டதும் உம்மாவுக்குப் பாதிக் கவலை போய்விட்டது. கார்டுகள் இரண்டையும் நாங்களே வாங்கிக் கொடுத்து, வேலை முடிந்ததும் நாங்களே திருப்பி எடுத்துக்கொள்வது என்றதும் வாப்பாவுக்கும் பாதிக் கவலை போனது.

மீதிப் பாதிக்குத்தான் எழுத்து. ஒரு பக்கத்தில், தமிழில், எல்லோருக்கும் விளங்குகிற மாதிரி நானே எழுதினேன். எந்தெந்த நாட்கள், எத்தனை மணித்தியாலம், எடுப்பது அவரேதானா, அவருக்குச் சுகமில்லாமல் போனால் யார் வருவார், எத்தனை படங்கள், எத்தனை கிழமைக்குள், முற்பணம் எவ்வளவு, கலியாணத் திகதி மாறினால் அது என்னாகும். அதற்குக் கீழே, எங்கள் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் எந்தப் படமும் முகநூலிலோ வட்ஸ்அப்பிலோ கடையிலோ காட்டப்படாது என்றும், படங்களைக் கையளித்து மூன்று மாதத்தில் தன் கணினியிலிருந்து அவற்றை அகற்றிவிடுவார் என்றும் எழுதினோம். ஏன் உடனே அகற்றாமல் மூன்று மாதம் என்றால், நாம் வாங்கிய பிரதியில் ஏதும் கோளாறு இருந்தால் கேட்டுப் பெறுவதற்குத்தான். வாப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். சொந்தக்காரர் சிலருக்கு இது மனத்தாங்கல். "ஒரு போட்டோவுக்கு ஒப்பந்தமா?" என்று கேட்டார்கள். கடை வாடகைக்கு எழுதுகிறோம், முகத்துக்கு எழுதக் கூடாதா?

கலியாணத்துக்கு முதல் நாள் சகோதரி வீட்டைப் பார்க்க வந்தார். ராத்தாவை அலங்கரிப்பதற்கென்று நாங்கள் ஒதுக்கிய அறைக்குப் பச்சைப் பெயின்ற் அடித்திருந்தோம். அதைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். சுவரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் சுவரின் நிறத்தையும் கூட்டிக்கொண்டு வந்து முகத்தில் பூசிவிடுமாம். பிளாஷை நேரே முகத்தில் அடித்தால் நெற்றி மினுங்கும், பட்டின் சரிகை வெறும் வெள்ளையாகிவிடும். அதனால் கூரைப் பக்கம் திருப்பி அடித்து வெளிச்சத்தை மென்மையாக்குவார்கள். ஆனால் கூரையும் நிறமாக இருந்தால் அதுவும் பயன்படாது. கடைசியில் முன் விறாந்தையின் ஜன்னலோரம் தெரிவானது. ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைக் கட்டில் விரிப்பைத் தொங்கவிட்டோம். எத்தனையோ ஆயிரம் ரூபாவுக்குக் கிடைக்காத வெளிச்சம் அந்த விரிப்பில் கிடைத்தது.

நேரக் கணக்கையும் அவர்தான் கற்றுத் தந்தார். ஒரு குழுப்படத்துக்கு ஆட்களைக் கூப்பிட்டு, நிறுத்தி, எடுத்து, அனுப்புவதற்கு மூன்று நிமிடமாவது போகும். நான் எழுதிக் கொடுத்த பட்டியலில் பதினெட்டுக் குழுக்கள். 54 நிமிடங்கள்! நிக்காஹ் அஸருக்குப் பிறகு. எங்கள் பக்கம் ஆறு மணியோடு வெளிச்சம் மங்கிவிடும். பட்டியலைப் பதினொன்றாகக் குறைத்தேன். யார் யாரென்று சகோதரிக்குத் தெரியாது என்பதால் பெயர் சொல்லிக் கூப்பிடும் வேலை எனக்கு.

கமராக்காரரை எவ்வளவு கவனமாகத் தெரிவு செய்தாலும் பெண்கள் பகுதிக்கு வருகிற நூறு பேரின் கையிலும் ஒவ்வொரு கமரா இருக்கிறதே! அழைப்பிதழிலேயே ஒரு வரி போட்டோம். வாசலில் ஒரு பனை ஓலைப் பெட்டியும் இலக்கத் துண்டுகளும் வைத்தோம். பாதிப் பேர் சந்தோஷமாகப் போனைத் தந்தார்கள். ஒரு மாமி, "என்னகா, பரீட்சை மண்டபமா இது?" என்று கோபித்துக்கொண்டார். போனைத் தரவில்லை. ஆனால் வெளியில் எடுக்கவும் இல்லை.

பள்ளிவாசலில் நடந்த நிக்காஹை எடுப்பதற்கு வேறொரு சகோதரர், சகோதரியின் கணவர்தான். பள்ளி நிர்வாகத்திடம் முதலே அனுமதி கேட்டிருந்தார். பிளாஷ் அடிக்கவில்லை, தூணருகே ஒரே இடத்தில் உட்கார்ந்து எடுத்தார். ஒரு விஷயத்தை நான் அதுவரை யோசித்ததேயில்லை. ராத்தாவின் நிக்காஹை ராத்தா பார்க்கவில்லை. காலையில் வாப்பா வந்து சம்மதம் கேட்டார், ராத்தா தலையைக் குனிந்துகொண்டே "ஓம் வாப்பா" என்றார். அதற்குப் பிறகு பள்ளியில் நடந்தது எதுவும் எங்கள் பெண்களில் ஒருவரும் காணாதது. ஆறு கிழமைக்குப் பிறகு படங்கள் வந்தபோது ராத்தா அதில் ஒன்றைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். வாப்பா வலியாக இருந்து மச்சானின் கையைப் பிடித்திருக்கிறார். வாய் அழுந்த மூடியிருக்கிறது, கண் நிறைந்திருக்கிறது. கமராவே வேண்டாம் என்றவரின் முகம் அது. "வாப்பா அழுதீங்களா?" என்று ராத்தா கேட்டார். "பேன் காத்து" என்றார் வாப்பா.

எனது பிழையையும் சொல்ல வேண்டும். நிக்காஹ் முடிந்த இரவு பத்து மணிக்குச் சகோதரி எனக்குக் கோல் எடுத்தார். அன்றைய படங்களை ஒரு தரம் ஓட்டிப் பார்த்தாராம். "தங்கச்சி, உம்மாட படம் ஒண்டும் சரியா இல்லையே. நீங்க கூப்பிடல்லயா?" என்றார். பட்டியலை எடுத்துப் பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டார், மாமிமார், ராத்தாவின் பாடசாலைத் தோழியர், அயல் வீட்டார் எல்லோரும் இருக்கிறார்கள். உம்மா இல்லை. உம்மா எப்படியும் பக்கத்தில்தானே இருப்பார் என்று நான் எழுதவேயில்லை. உம்மாவோ நாள் முழுக்க அடுப்படிக்கும் சாப்பாட்டு மேசைக்கும் இடையில் நின்றிருக்கிறார். அறுநூறு படங்களில் நான்கில் உம்மா இருக்கிறார், நான்கிலும் பாதி முகம்தான்.

அடுத்த நாள் வலீமாவுக்குப் புறப்பட முன்னர், ஜன்னலோரம், அதே வெள்ளை விரிப்புக்குப் பக்கத்தில், உம்மாவையும் ராத்தாவையும் உட்கார வைத்து எடுத்தோம். உம்மா கையில் ஒரு தட்டோடு வந்தார். "கெதியா எடுங்க, சோறு ஆறுது" என்றார். சகோதரி அவசரப்படவில்லை. தட்டை வாங்கி என்னிடம் தந்தார். எட்டுப் படங்கள் எடுத்தார். ஆகவே நீங்கள் பட்டியல் எழுதும்போது முதல் வரியில் உம்மாவின் பெயரை எழுதுங்கள். படப்பிடிப்பாளரிடம் முதல் நாள் இரவே படங்களை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். விட்டதை எடுப்பதற்கு இன்னும் ஒரு நாள் இருக்கும்.

இப்போது படங்கள் மூன்று இடத்தில் இருக்கின்றன. ஒரு பிரதி எங்கள் வீட்டு அலுமாரியில், ஒன்று ராத்தாவிடம். பென் டிரைவ் எப்போது உயிரை விடும் என்று சொல்ல முடியாது என்பதால் முக்கியமானவற்றை அச்சிட்டும் வைத்திருக்கிறோம். மூன்றாவது பிரதியை, சாச்சி போன மாதம் வந்து திரும்பியபோது, உம்மா ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, அதன் மேல் துணி சுற்றி அவரது கையில் கொடுத்துவிட்டார். கண்டிக்குக் கடல் வராதுதானே என்றார்.