மின்சாரம் பாயும் பிளாஸ்டிக்

மின்கம்பிக்குப் பிளாஸ்டிக் உறை எதற்கு என்று கேட்டால், அதில் மின்சாரம் பாயாது என்று பள்ளிச் சிறுவனும் சொல்லிவிடுவான். அந்தப் பாடத்தைத் திருத்தியவர்களுள் ஒருவர் ஆலன் ஹீகர் என்னும் அமெரிக்கப் பௌதிக அறிஞர். அலிப்பூர் தேசிய நூலகத்துக்கு வரும் நம் மாணவர்கள், பௌதிகம் பெரிதா இரசாயனம் பெரிதா என்று வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் இவரை அறிவது நல்லது.

1977இல் ஹீகரும், மக்டயர்மிட், ஷிரகாவா என்ற இரசாயன அறிஞர் இருவரும் பாலிஅசிட்டிலீன் என்ற பிளாஸ்டிக் ஏட்டில் அயோடின் ஆவியைப் படவிட்டனர். மின்கடத்தும் திறன் ஏறக்குறைய ஒரு கோடி மடங்கு உயர்ந்தது! மாலை ஐந்து மணிக்கு எஸ்பிளனேடு செல்லும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். நெரிசலில் ஒருவரும் அசைய முடியாது. ஒருவர் இறங்கிவிட்டால் அவ்விடத்துக்கு அடுத்தவர் நகர்வார். அவர் விட்ட இடத்துக்கு இன்னொருவர். அயோடின் செய்வதும் இதுவே. மூலக்கூற்றுச் சங்கிலியிலிருந்து ஓர் எலக்ட்ரானை இறக்கிவிடுகிறது. காலியிடம் சங்கிலி நெடுகப் பயணம் போகிறது. 2000இல் மூவரும் நோபல் பரிசு பெற்றனர். பௌதிகத்துக்கன்று, இரசாயனத்துக்கு!

இத்துறையின் வேர்களில் ஒன்று நம் கல்கத்தாவிலும் உண்டு. வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், 1930களில் பௌபஜாரில் நாப்தலீன் போன்ற படிகங்களை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, அவற்றின் காந்தத் தன்மை திசைக்குத் திசை மாறுவதை அளந்தார். எலக்ட்ரான்கள் ஓரணுவில் கட்டுண்டு கிடவாமல் கரி வளையம் முழுதும் சுற்றுகின்றன என்று 1936இல் பாலிங் அதற்கு விளக்கம் தந்தார்.

ஒளி பட்டதும் பிளாஸ்டிக்கிலிருந்து எலக்ட்ரான், அறுபது கரியணுக்களாலான பந்து மூலக்கூற்றுக்குத் தாவுவதை 1992இல் ஹீகரும் சரிசிஃப்ட்சியும் பிறரும் அறிவித்தனர். சூரிய மின்கலத்துக்கு வழி பிறந்தது. ஆனால் ஒளி தந்த கிளர்ச்சி சுமார் பத்து நானோமீட்டர் செல்வதற்குள் அடங்கிவிடும். ஆகவே பருப்புஞ் சோறுமாய் இரண்டையும் பிசைந்தே 1995இல் கலம் செய்தனர்.

பூரிக்குப் போனவர்கள் கோணார்க் சூரியன் கோயிலைக் கண்டிருப்பீர்கள். அதன் பெயரைத் தாங்கிய கோணார்கா என்ற அமெரிக்க நிறுவனத்தை 2001இல் நிறுவியவர்களுள் ஹீகரும் ஒருவர். சிலிக்கான் பலகையின் விலை சரிந்த காலத்தில், 2012இல், அது நொடித்துப்போயிற்று. பிறகு ஆராய்ச்சிக்கூடக் கலங்களின் திறன் 19 சதவீதத்தையும் கடந்துவிட்டது. ஆயுள்தான் குறை. சிலிக்கான் பலகை இருபத்தைந்து ஆண்டு உழைக்கும். இது வெயிலிலும் ஈரத்திலும் விரைவில் நலிகிறது. ஆராய்ச்சிக்குப் பொருள் தேடும் நண்பர்களே, அவ்விரண்டுக்கும் வங்காளத்தில் பஞ்சமில்லை!