மலை உயர்ந்த கணக்கு

எரிமலை வெடிப்பது ஒரு க்ஷணத்துக் காரியம்போலத் தோன்றினாலும், அதற்குரிய ஆயத்தங்கள் பூமிக்கடியில் மாதக்கணக்காக, சில இடங்களில் வருஷக்கணக்காகவே நடந்து வருகின்றன. ஆழத்திலிருந்து மேலேறும் பாறைக்குழம்பு ஓரிடத்தில் வந்து தேங்கும்போது அதன் மேலுள்ள நிலம் வீங்குகிறது. அக்குழம்பு வெளியேறியதும் நிலம் தாழ்கிறது. பெரும்பாலும் சில சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும் இந்த ஏற்றத்தாழ்வு, அம்மலையடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர் கண்ணுக்கும் புலப்படுவதில்லை.

அத்தகைய சூட்சுமமான மாறுதலை 700 கிலோமீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் செல்லும் செயற்கைக்கோள் அளந்துவிடுகிறது. அது கீழ்நோக்கி அனுப்பும் ரேடார் அலை நிலத்தில் பட்டுத் திரும்பும்போது, அதன் வலிமை மாத்திரமன்றி, அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் வந்து சேர்ந்தது என்பதும் பதிவாகிறது. சில நாள் கழித்து ஏறக்குறைய அதே பாதையில் வந்து எடுத்த பதிவை முதற்பதிவோடு ஒப்பிட்டு, மேடுபள்ளங்களாலும் பாதை மாற்றத்தாலும் விளைந்த வேற்றுமையை நீக்கிவிட்டால், நிலம் அசைந்த இடங்களில் வண்ண வளையங்கள் தோன்றுகின்றன. ஐரோப்பியர் 1991-இல் ஏவிய ஈ.ஆர்.எஸ்-1 கோளின் அலைநீளம் 5.6 சென்டிமீட்டர், அலை போவதும் வருவதுமாக இருமுறை கோளுக்கும் நிலத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடப்பதால், ஒரு வளையம் 2.8 சென்டிமீட்டர் அசைவைக் குறிக்கும். வளையங்களை எண்ணத் தெரிந்தவருக்கு மலை வீங்கிய கணக்குக் கிடைத்துவிடும். இம்முறையால் எட்னா எரிமலை தாழ்ந்ததைப் பிரெஞ்சு விஞ்ஞானி மாஸோனேயும் அவர் சகாக்களும் 1995-இல் வெளியிட்டார்கள்.

ஆயினும் இம்முறையின் முழு மகிமையை விளக்குவது, ஈக்வடார் தேசத்துக்குரிய கலாபகஸ் தீவுகளில், இஸபெலா தீவிலுள்ள சியெரா நெக்ரா எரிமலையே ஆகும். அதன் உச்சியில், ஏறக்குறைய 10 கிலோமீட்டர் நீளமுள்ள பெரும்பள்ளம் ஒன்று இருக்கிறது. ரேடார்ப் பதிவுகளை ஆராய்ந்தபோது, அப்பள்ளத்தின் தரை உயர்ந்து வந்தது மட்டுமன்றி, அதன் ஒரு பகுதி, நிலவறைக் கதவு ஒரு பக்கத்துக் கீலைப் பற்றிக்கொண்டு மறுபக்கம் மேலெழுவதுபோல, பிளவு ஒன்றின் வழியே எழும்பியிருந்ததும் வெளிப்பட்டது. 1992-லிருந்து ஏறக்குறைய 5 மீட்டர் உயர்ந்தபின் 2005 அக்டோபரில் அது வெடித்தது. வெடித்ததும் தாழ்ந்த தரை மறுபடி உயரத் தொடங்கி, 2018 ஜூனில் மீண்டும் வெடிப்பதற்குள் ஆறரை மீட்டர் எழும்பிவிட்டது! ஐந்து மீட்டரில் வெடித்த மலை அடுத்த முறை ஆறரை மீட்டர்வரை பொறுத்திருந்ததிலிருந்து, இத்தனை உயர்ந்தால் இன்ன தினத்தில் வெடிக்கும் என்று சூத்திரம் வகுத்துவிட முடியாதென்பது தெளிவாகிறது. பொலிவியாவின் உதுருங்கு மலையோ, இரண்டரை லட்சம் ஆண்டுகளாக வெடிக்காமலே, ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயர்ந்து வந்ததாகக் காணப்பட்டது.

காற்றிலுள்ள நீராவி அலையைத் தாமதப்படுத்திப் பொய்யான வளையங்களை உண்டாக்குவதும், அடர்ந்த காடு சிற்றலையைக் குழப்பிவிடுவதும் இம்முறைக்குள்ள இடையூறுகள். இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து 2025 ஜூலை 30-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நிஸார் கோள், ஏறக்குறைய 24 சென்டிமீட்டர் நீளமுள்ள அலையையும் பயன்படுத்துவதால், இலைத்திரளை ஊடுருவித் தரையைத் தொடும் ஆற்றல் அதற்கு அதிகம். வெப்பமண்டலக் காடுகள் போர்த்த எரிமலைகளுக்கு இது பெரும் பேறு. ஆனால் அந்தக் கோளும் 12 நாளுக்கொரு முறையே அதே பாதைக்கு மீள்கிறது. வெடிப்புக்கு முந்திய கடைசி எச்சரிக்கையோ பல சமயங்களில் சில மணி நேரத்துக்குள் வந்து போய்விடுகிறது. ஆகையால், ஆகாயத்தில் கோள் இருக்கிறதென்ற தைரியத்தில் மலைமேலுள்ள நிலநடுக்கமானிகளையும் அவற்றைக் காத்துப் பேணும் ஊழியர்களையும் குறைப்பது எந்த அரசுக்கும் தகாது.