குப்பைக்குத் தப்பிய இதழ்கள்

ஆண்களை நேசிக்கும் ஆண்கள் சிலர் சேர்ந்து 1954ல் லாஸ் ஏஞ்சல்ஸில் மோட்டார் சைக்கிள் சங்கம் கண்டனர். தோல் சட்டையும் பூட்சும் அவர்களது அடையாளம். 1975ல் அங்கேயே 'டிரம்மர்' பத்திரிகை பிறந்தது. ஆபாசம் என்பாருண்டு, படங்கள் அப்படித்தான். ஆயினும், எங்கோ தனித்துக் கிடந்தவனுக்குத் துணை காட்டியவை அதன் வரி விளம்பரங்களே. 1976 ஏப்ரலில், தர்ம நிதிக்காக அது நடத்திய விளையாட்டு 'அடிமை ஏல'த்தில் போலீசார் புகுந்து 40 பேரைக் கைது செய்தனர். காட்டிய சட்டம் அடிமை ஒழிப்புச் சட்டம்! மறு ஆண்டே பத்திரிகை சான்பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தது.

பிறகு எய்ட்ஸ். இறந்தவர்கள் சேர்த்து வைத்த இதழ்களை உறவினர் வெட்கி எறிந்தனர். அதைத் தடுக்கவே சக் ரென்ஸ்லோவும், அப்போது 'டிரம்மர்' அதிபராயிருந்த டோனி டெபிளேசும் 1991ல் சிகாகோவில் காப்பகம் நிறுவினர். 'டிரம்மர்' 1999ல் நின்றது. பழைய இதழ்களுக்கு அங்கே இடமுண்டு.